பூட்டிய அறையும் திறந்த ஏடும்

தாஜ்மகாலில் பூட்டிக் கிடக்கிற 22 அறைகளுக்குள் சாமி சிலைகள் இருக்கின்றனவாம். 2022 மே மாதம் அலகாபாத் உயர்நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. வதந்தி மட்டும் ஓயவில்லை.

வங்கிக் குமாஸ்தா எனக்கு ஒண்ணு தெரியும்: மோசடியை லாக்கரில் தேடக் கூடாது, லெட்ஜரைப் புரட்டணும். புதுச்சேரியின் லெட்ஜர் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு. சம்பாக் கோயிலுக்குள் பறையர் கிறித்தவர்களைப் பிரித்து நின்ற சுவரையும், 1745-இல் அவர்கள் திரண்டுபோய் நியாயம் கேட்டதையும், பாதிரியார் அதை இடிக்கச் செய்ததையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். பூட்டே இல்லாத சாட்சி. இதைத் திறந்து காட்டச் சொல்லி எவன் மனு போட்டான்?

இல்லாத சிலைக்குக் கூட்டம் சேரும். நம்ம சனம் கேட்டு இடிபட்ட சுவரோ, இன்னும் இடிபடாத சுவர்களை ஞாபகப்படுத்தும்.

தோழர்களே, அருங்காட்சியகத்துக்குப் போனால் பூட்டிய கதவைத் தட்ட வேண்டாம். அந்தச் சுவர் எங்கேன்னு கேளுங்க.