குறட்டை நின்றால் எழுப்பவும்

குறட்டை ஜோக்குகளை அடுக்கினால் எல்.ஐ.சி. கட்டடத்தை எட்டிப் பிடிக்கலாம். ஆனால் எந்த ஜோக்கிலும் குறட்டை நடுவில் நிற்பது வராது. வில்லங்கமே அங்கேதான்.

திருவல்லிக்கேணி மேன்ஷனில் என் அறை நண்பரின் குறட்டைக்குப் பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டுவார். எனக்குச் சத்தம் பழகிவிட்டது. அது நின்றால்தான் விழிப்பு வரும். ஒண்ணு, ரெண்டு என்று எண்ணுவேன். 20 வரை மூச்சே இருக்காது. அப்புறம் 'ஹக்' என்று ஒரு திணறல், ரயில் மறுபடி கிளம்பும். பகலில் ஆபீஸ் ஃபைல்தான் அவருக்குத் தலையணை. ஒருநாள், சிக்னலில் பைக் மேலேயே கண் சொக்கிவிட்டதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "கிளம்புய்யா டாக்டர்கிட்ட" என்றேன்.

இதற்குப் பெயர் ஸ்லீப் ஆப்னியா. தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சு வழி அடைபடுகிறது. மூச்சு 10 செகண்டாவது நின்றாலோ வெகுவாகக் குறைந்தாலோ கணக்கில் ஒன்று. மணிக்கு 5க்குக் கீழே என்றால் பாஸ். 30ஐத் தொட்டால் கடுமை. உடம்பெல்லாம் ஒயர் ஒட்டித் தூங்க வைத்து எண்ணினார்கள். நண்பர் ஸ்கோர் 38!

வழக்கமான வைத்தியம், மாஸ்க் வழியாகக் காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் சி-பேப் மெஷின். 1981-ல் ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் உலகுக்குச் சொன்னது. "இதை மாட்டிக்கிட்டா எவன்யா பொண்ணு குடுப்பான்?" என்றார் நண்பர்.

காது மூக்கு தொண்டை டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னார். இரண்டு பக்கமும் நெல்லிக்காய் சைஸில் டான்சில்!

குழந்தைகளுக்கு டான்சில், அடினாய்டு எடுத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். பெரியவர்களுக்குத் தொப்பை, கழுத்துக் கொழுப்பு, தாடை, நாக்கு எல்லாம் பங்காளிகள். டான்சில் நிஜமாகவே பெரிதாக இருந்தால்தான் கத்திக்குப் பலன். 17 ஆய்வுகளைத் தொகுத்த 2016 கட்டுரை ஒன்றில், ஆபரேஷனுக்குப் பின் சராசரி ஸ்கோர் 40லிருந்து 14க்கு இறங்கியிருந்தது.

ஐஸ்க்ரீம் சாப்பிட்டுக்கொண்டு ஜாலியாகப் படுத்திருக்கலாம் என்று நினைக்காதீர்கள். பெரியவர்களுக்கு இரண்டு வாரம் எச்சில் விழுங்கினாலே காது வரை வலிக்கும். ஒரு வாரம் கழித்துக்கூட ரத்தம் கசியலாம். கசிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

மூன்று மாதம் கழித்து மறுபடி எண்ணினார்கள்: 9. பூஜ்யம் இல்லைதான். ஆனால் ஃபைலுக்கு விடுதலை.

பிரம்மச்சாரிகளே, இன்றைக்கே அறை நண்பரிடம் கேளுங்கள். 'குறட்டை விடறேனா' என்று இல்லை. 'நடுவுல நிறுத்தறேனா' என்று.