பூசணம் பிடித்த தீவனமும் பல்கலைக்கழகக் கதவும்

பல்கலைக்கழகங்களில் நடக்கும் ஆராய்ச்சியால் சிறு விவசாயிக்கு என்ன லாபம் என்ற கேள்வி கிராமங்களில் அடிக்கடி எழுவதுண்டு. கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. கண்ணாடிக் குழாய்க்குள் நடக்கும் வேலை வயலுக்கு வந்து சேர வெகுகாலம் ஆகிறது. வந்து சேரும்போது முதலில் கேட்டவருக்கே அது உதவாமல் போவதும் உண்டு. ஆயினும் அந்த வேலை எங்கே தொடங்கியது என்று தேடிப் போனால், பல நேரங்களில் அது ஒரு மாட்டுக் கொட்டகையில் போய் நிற்கும். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு விஷயம் இதற்குத் தக்க சான்று. உலகெங்கும் இதய நோயாளிகள் சாப்பிடும் ஒரு மாத்திரைக்கும், களஞ்சியத்தில் எலிக்கு வைக்கும் மருந்துக்கும் அதுவே மூலம்.

1920-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் கனடாவிலும், அதை அடுத்துள்ள அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் மாடுகள் காரணம் தெரியாமல் இரத்தம் கசிந்து சாகத் தொடங்கின. கொம்பு நீக்கினால் இரத்தம் நிற்பதில்லை. காயடித்த காளைகள் மறுநாள் எழுந்திருப்பதில்லை. வெளிக்காயம் எதுவும் இல்லாத பசுக்களும் தோலுக்கு அடியில் இரத்தம் கட்டி வீங்கிச் செத்தன. தொற்றுநோய் என்று பலரும் அஞ்சினர்.

கனடாவில் ஒன்டாரியோ கால்நடை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஃபிராங்க் ஷோஃபீல்டு என்பவர் கிருமியைத் தேடுவதோடு நிற்காமல் தீவனத்தையும் பார்த்தார். அந்த மாடுகள் எல்லாம் ஸ்வீட் குளோவர் என்ற செடியின் உலர்தீவனத்தைத் தின்றவை. இது குதிரைமசாலுக்கு உறவான பயறுவகைச் செடி. வளமற்ற மண்ணிலும் வளரும். மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்க்கும். ஆகவே விவசாயிகள் அதை விரும்பிப் பயிரிட்டனர். ஆனால் தண்டு தடிப்பானது, சீக்கிரம் காயாது. மழை ஈரம் பட்டால் போரில் பூசணம் பிடித்துவிடும். ஷோஃபீல்டு ஒரே போரிலிருந்து நல்ல தண்டுகளைத் தனியாகவும் கெட்ட தண்டுகளைத் தனியாகவும் பிரித்து முயல்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். நல்லதைத் தின்ற முயல் பிழைத்தது. கெட்டதைத் தின்றது இரத்தம் கசிந்து செத்தது. விலை உயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. பின்னர் வட டக்கோட்டாவில் லீ ரோடெரிக் என்ற கால்நடை மருத்துவர், இரத்தம் உறைவதற்கு வேண்டிய புரோத்ராம்பின் என்ற பொருள் இந்த மாடுகளில் குறைந்துபோவதைக் கண்டார்.

காரணம் தெரிந்துவிட்டது. விவசாயிகளுக்குச் சொன்ன யோசனை இரண்டு. பூசணம் பிடித்த தீவனத்தைப் போடாதே; நோய் கண்ட மாட்டுக்கு நலமான மாட்டின் இரத்தத்தை ஏற்று. யோசனை சரிதான். ஆனால் 1930-க்குப் பிறகு அமெரிக்காவில் பெரும் பொருளாதார மந்தம். பாலுக்கும் தானியத்துக்கும் விலை விழுந்துவிட்டது. பனிக்காலத்தில் வெளியே மேய்ச்சல் கிடையாது. கொட்டகையில் இருக்கும் ஒரே போரை எறிந்துவிட்டு வேறு தீவனம் வாங்க விவசாயியிடம் பணம் ஏது? எறி என்று சொல்வது எளிது. எறிந்தபின் மாடு எதைத் தின்னும் என்பதற்கு அந்த யோசனையில் பதில் இல்லை.

1933 பிப்ரவரி மாதம், ஒரு சனிக்கிழமை. கடும் பனிப்புயல். விஸ்கான்சின் மாநிலத்தில் டீர் பார்க் என்ற ஊரைச் சேர்ந்த ஒரு விவசாயி, செத்துப்போன கிடேரி ஒன்றையும், உறையாத இரத்தம் நிரம்பிய பால் கேன் ஒன்றையும், ஏறக்குறைய 45 கிலோ கெட்ட தீவனத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு தலைநகரான மாடிசனுக்குச் சுமார் 300 கிலோமீட்டர் பயணம் செய்தார். அவர் தேடி வந்தது அரசு கால்நடை மருத்துவரை. அலுவலகம் பூட்டியிருந்தது. திரும்பிப் போக மனமின்றி, பல்கலைக்கழக வளாகத்தில் ஆள் இருந்த ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தார். அது விவசாயக் கல்லூரியின் உயிர்வேதியியல் கூடம். அங்கே இருந்தவர் பேராசிரியர் கார்ல் பால் லிங்க். அவர் கால்நடை மருத்துவர் அல்லர். மாட்டு வைத்தியம் அவர் வேலையும் அல்ல. போய்த் திங்கட்கிழமை வாரும் என்று அவர் சொல்லியிருந்தால் யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள்.

அவர் அப்படிச் சொல்லவில்லை. கொண்டு வந்தவற்றை வாங்கிப் பார்த்தார். ஆனால் அவரால் அன்று சொல்ல முடிந்ததும் பழைய இரண்டு யோசனைகள்தாம். விவசாயி அதே பனிப்புயலில் ஊர் திரும்பினார்.

இந்த இடத்தைப் பலரும் விரைவாகக் கடந்துவிடுகிறார்கள். அந்த விவசாயியின் கொட்டகையில் நின்ற மற்ற மாடுகளுக்கு அன்று பல்கலைக்கழகத்தால் புதிதாக எதுவும் கிடைக்கவில்லை. விஷப்பொருள் இன்னது என்று பிரித்தெடுக்க லிங்க்கும் அவருடைய மாணவர்களும் ஆறு ஆண்டுகளுக்கு மேல் பாடுபட்டனர். கெட்ட தீவனத்தின் சாற்றை முயல்களுக்குக் கொடுத்து, அவற்றின் இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று திரும்பத் திரும்ப அளந்தனர். 1939 ஜூன் மாதத்தில்தான் ஹெரால்டு கேம்பெல் என்ற இளம் ஆராய்ச்சியாளரின் கையில் அது படிகமாக வந்தது. மறு ஆண்டு அதன் இரசாயன அமைப்பும் விளங்கியது. டைகுமரால் என்று பெயர் வைத்தார்கள்.

விஷயம் இதுதான். ஸ்வீட் குளோவரில் குமாரின் என்ற வாசனைப் பொருள் இயற்கையாகவே உண்டு. புதிதாக அறுத்த புல்லின் நறுமணம் இதனால் வருவது. இது இரத்தத்தைக் கெடுப்பதில்லை. பூசணம் வளரும்போது குமாரின் மாறுதலடைந்து டைகுமரால் ஆகிறது. இது உடலில் வைட்டமின் கே செய்யும் வேலையைத் தடுக்கிறது. வைட்டமின் கே என்பது இரத்தம் உறையத் துணைசெய்யும் சத்து. டென்மார்க்கில் ஹென்ரிக் டாம் என்பவர் கொழுப்பு நீக்கிய தீவனம் தின்ற கோழிக்குஞ்சுகளுக்கு இரத்தக் கசிவு வருவதைப் பார்த்து அதைக் கண்டுபிடித்தார். அவருக்கும் அமெரிக்காவின் எட்வர்டு டாய்சிக்கும் அதற்காக 1943-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. கோழிக் கூண்டில் தொடங்கிய வேலையும் மாட்டுக் கொட்டகையில் தொடங்கிய வேலையும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன. ஒன்று நோய்க்குக் காரணத்தைச் சொன்னது. மற்றது மாற்று மருந்தைக் கொடுத்தது.

டைகுமரால் 1941 முதல் மனிதர்களுக்கு மருந்தாகச் சோதிக்கப்பட்டது. இரத்தக் குழாயில் கட்டி அடைத்து உயிர் போகும் நோயாளிக்கு, இரத்தம் எளிதில் உறையாமல் இருப்பது நன்மை அல்லவா? பின்னர் காசநோயால் படுத்திருந்த லிங்க், ஓய்வில் எலிகளைப் பற்றிப் படித்தார். மாட்டைக் கொன்ற பொருளின் உறவுப் பொருள் ஒன்று எலியையும் கொல்லும் என்ற யோசனை அப்போது பிறந்தது. அவ்வாறு 1948-இல் எலி மருந்தாக வெளிவந்ததுதான் வார்ஃபரின். 1951-இல் இந்த எலி மருந்தைத் தின்ற ஓர் இராணுவ வீரர் வைட்டமின் கே கொடுத்துக் காப்பாற்றப்பட்டார். அதன்பின் மனிதருக்கும் கொடுக்கலாம் என்ற துணிவு வந்தது. 1954-இல் அனுமதி கிடைத்தது. 1955-இல் மாரடைப்பு கண்ட அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கும் இதே மருந்து கொடுக்கப்பட்டது. தமிழகத்துக் கிராமங்களிலும் இதய வால்வு மாற்றிக்கொண்டவர்கள் இந்த வகை மாத்திரை சாப்பிட்டு, அவ்வப்போது இரத்தப் பரிசோதனைக்குப் போய்வருகிறார்கள். கீரையை ஒரு வாரம் அதிகமாகவும் மறு வாரம் அறவே விட்டும் சாப்பிடக்கூடாது என்று டாக்டர் சொல்வது இதனால்தான். கீரையில் வைட்டமின் கே மிகுதி.

எலி மருந்தைப் பொறுத்தமட்டில் இதன் சிறப்பு, உடனே கொல்லாததுதான். சிங்க் பாஸ்பைடு போன்ற கடும் விஷத்தைத் தின்று பிழைத்த எலி மறுபடி அந்தப் பக்கம் வருவதில்லை. இதைத் தின்ற எலிக்குச் சில நாட்கள் ஒன்றும் தெரிவதில்லை. திரும்பத் திரும்ப வந்து தின்னும். 1958-இல் ஸ்காட்லாந்தில் வார்ஃபரினுக்குச் சாகாத எலிகள் காணப்பட்டன. பின்பு வந்த புரோமாடையோலோன் அதே குடும்பத்தைச் சேர்ந்த, மேலும் கடுமையான மருந்து. நாயோ கோழியோ தின்றாலும் இரத்தம் கசிந்து சாகும். வைக்கோல் சந்திலும் திண்ணையிலும் போட்டுவைக்கும் பழக்கம் ஆபத்தானது.

இந்த மருந்தின் பெயரிலும் ஒரு செய்தி இருக்கிறது. விஸ்கான்சின் முன்னாள் மாணவர் ஆராய்ச்சி அறக்கட்டளை என்பதன் ஆங்கில முதலெழுத்துகளோடு குமாரின் என்பதன் வால் சேர்ந்ததே வார்ஃபரின். உணவின் மீது புற ஊதாக் கதிர்களைச் செலுத்தினால் வைட்டமின் டி உண்டாகும் என்பதை அதே கல்லூரியில் ஹாரி ஸ்டீன்பாக் 1924-இல் கண்டார். அவர் காப்புரிமை வாங்கினார். அதில் வரும் பணம் மீண்டும் ஆராய்ச்சிக்கே போகவேண்டும் என்று 1925-இல் அந்த அறக்கட்டளை ஏற்பட்டது. கெட்ட தீவன ஆராய்ச்சிக்கும் அதுவே கைகொடுத்தது. அதே கல்லூரியில் அவருக்கு முன் இருந்த ஸ்டீபன் பாப்காக்கின் வழி வேறு. 1890-இல் பாலில் கொழுப்பை அளக்கும் எளிய முறையை அவர் கண்டுபிடித்தார். அதுவரை எடைக்கு மட்டுமே பணம். தண்ணீர் கலந்தவனுக்கும் நல்ல பால் ஊற்றியவனுக்கும் ஒரே விலை. கந்தக அமிலம் ஊற்றிச் சுழற்றினால் கொழுப்பு மேலே நிற்கும்; அளவுகோலில் படித்துவிடலாம். இதற்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை, எல்லோருக்கும் விட்டுவிட்டார். தமிழகப் பால் சங்கங்களில் நெடுங்காலம் பயன்பட்ட கெர்பர் முறையும் இதே தத்துவத்தில் சுவிட்சர்லாந்தில் உருவானதுதான். எந்த வழி சிறந்தது என்று வாதாடலாம். விவசாயியின் சங்கடத்திலிருந்து பிறந்த அறிவுக்கு அந்த விவசாயியே பிறகு கூடுதல் விலை கொடுக்கும்படி ஆகிவிடக்கூடாது என்ற அளவில் பாப்காக்கின் பக்கமே நியாயம் அதிகம்.

ஆராய்ச்சிக்குப் பொறுமை வேண்டும், ஆறு ஆண்டு ஆகத்தான் செய்யும் என்று பல்கலைக்கழகத்தார் சொல்வது உண்மை. ஆனால் அந்த ஆறு ஆண்டுகளில் மாடு வைத்திருப்பவன் என்ன செய்வது என்று சொல்லும் கடமையும் அவர்களுடையதே. இந்த நோய்க்குப் பின்னாளில் வந்த யோசனைகளைப் பாருங்கள். சந்தேகமான தீவனத்தை ஒரு வாரம் பத்து நாள் கொடுத்துவிட்டு, அதே அளவு நாட்களுக்கு வேறு நல்ல தீவனம் கொடுத்து மாற்றி மாற்றிப் போடலாம். கன்று ஈனுவதற்கும் கொம்பு நீக்குவதற்கும் இரண்டு மூன்று வாரம் முன்பே அறவே நிறுத்திவிட வேண்டும். குமாரின் குறைந்த ரகங்களும் வெளிவந்தன. இவை கையில் காசு இல்லாதவனும் கடைப்பிடிக்கக்கூடிய யோசனைகள். எறி என்ற ஒற்றைச் சொல்லைவிட இவை ஆயிரம் மடங்கு மேல்.

மாற்றிப் போடும் இந்த முறை அந்த ஒரு நோய்க்கு மட்டுமே உரியது. பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்குக்கு இதைப் பொருத்திப் பார்க்கக் கூடாது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் செத்தபோது, பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைத் தீவனத்தில் இருந்த அஃப்ளடாக்சின் என்ற பூசண நஞ்சே காரணம் என்று பிறகு தெரிந்தது. அது கல்லீரலைக் கெடுக்கும்; கறவை மாட்டின் பால் வழியே குழந்தைக்கும் போகும்.

டீர் பார்க் விவசாயி செய்ததில் பின்பற்றத் தக்கது, மாடு செத்துவிட்டது என்ற புகாரோடு மட்டும் போகாமல் தீவனத்தையும் எடுத்துப் போனது. பின்பற்றக் கூடாதது, செத்த மாட்டின் இரத்தத்தைத் தாமே எடுத்துக்கொண்டு போவது. தமிழகத்தில் திடீரென்று செத்த மாட்டின் மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருஞ்சிவப்பு இரத்தம் வந்தால் முதலில் அடைப்பான் நோயைச் சந்தேகிக்க வேண்டும். அது மனிதருக்கும் தொற்றும். உடலை அறுக்காமல், தோல் உரிக்காமல் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். தீவன மாதிரியைப் பிளாஸ்டிக் பையில் கட்டினால் வழியிலேயே மேலும் பூசணம் பிடிக்கும்; காகிதப் பையே நல்லது. போரின் பல இடங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். எந்தெந்த மாடு எவ்வளவு நாளாகத் தின்றது, எந்த மாடு தின்னவே இல்லை என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகலாம். விடுமுறை நாளில் யாரிடம் போவது என்பதை அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே கேட்டு வைத்திருப்பதும் நல்லது.