இயந்திரப் பரீட்சகர்

காலி வீதியில், வெள்ளவத்தைச் சந்தையிலிருந்து சிறிது தூரம் நடந்தால் போதும். ஆங்கிலப் பரீட்சைக்குப் பயிற்றும் வகுப்புகளின் விளம்பரப் பலகைகள் நம்மை வழிமறிக்கும். கொட்டாஞ்சேனையிலும் இதே கதைதான். அவ்வகுப்புகள் பயிற்றும் பரீட்சைகளுள் ஒன்று பீ.ரீ.ஈ. பியர்சன் நிறுவனம் 2009இல் தொடங்கிய இப்பரீட்சையில், 20 நிமிடத்தில் 200 முதல் 300 சொற்களில் எழுதும் கட்டுரைக்குப் புள்ளியிடும் வேலை பெரும்பாலும் கணினியினுடையது. பெறுபேறு வழக்கமாக இரண்டொரு நாளில் வந்துவிடும். அவுஸ்திரேலியா செல்ல விழைவோர் இதனை நாடுவதில் வியப்பென்ன? நம் பாட்டனார் காலத்துக் கேம்பிரிட்ஜ் விடைத்தாள்கள் கப்பலேறியல்லவா சென்றன!

இக்கணினி கட்டுரையை நம்மைப்போல் வாசிப்பதில்லை. மனிதர் முன்னர் புள்ளியிட்ட பல கட்டுரைகளைக் கொண்டு பழகி, சொல்வளம், வாக்கிய அமைப்பு, பிழை முதலியவற்றைப் பார்த்து, மனிதர் எத்தனை புள்ளி இட்டிருப்பார் என ஊகிக்கிறது. அறுபதாவது விடைத்தாளிலும் அதற்குக் கண் சோர்வதில்லை; அது பெரிய நன்மையே. ஆயினும், 2014இல் அமெரிக்க ஆய்வாளர் லெஸ் பெரல்மன், மூன்று சொற்களைக் கொடுத்தால் பொருளற்ற கட்டுரை புனையும் நிரலொன்றை மாணவருடன் சேர்ந்து ஆக்கினார். அப்பிதற்றலுக்கும் இத்தகைய இயந்திரங்கள் உயர்ந்த புள்ளி வழங்கின! எத்தலைப்புக்கும் பொருந்தும் வாக்கியங்களை மனனஞ் செய்விக்கும் வகுப்புகள் பெருகியதன் இரகசியம் இப்போது விளங்கும்.

நம் மாணவி ஒருத்தி ஆடிவேல் விழாவைப் பற்றி எழுதியதைச் செயற்கை அறிவிடம் காட்டினாள். இலக்கணப் பிழைகளை நொடியில், காரணத்தோடு, அது திருத்திற்று. நாமும் அவ்வளவு விரைவாகச் செய்திரோம். ஆனால், வேல் வருமுன் பாட்டி வாசலில் நீர் தெளித்த வாக்கியத்தை 'தேவையற்றது' என நீக்கிவிட்டது. கட்டுரையில் உயிரோடிருந்தது அவ்வொரு வாக்கியமே.

இதனினும் கவலை தருவது வேறொன்று. ஆங்கிலம் தாய்மொழியல்லாதார் எழுதிய 91 டோபல் கட்டுரைகளை, இயந்திர எழுத்தைக் கண்டுபிடிப்பதாகக் கூறும் ஏழு கருவிகளிடம் ஸ்டான்போர்டு ஆய்வாளர் கொடுத்தனர். சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவற்றை அவை இயந்திரம் எழுதியதென்றன. இவ்வாய்வு 2023இல் வெளியாயிற்று. எளிய சொற்களால் எழுதியதே அப்பிள்ளைகள் செய்த குற்றம்! நம் பிள்ளைகளின் ஆங்கிலமும் அத்தகையதே.

ஆதலின், முதற்படியை இயந்திரத்திடம் காட்டுவதை நாம் தடுப்பதில்லை. புள்ளியிடும் வேளையில் மட்டும் பிள்ளையை எதிரே இருத்தி, "இவ்வாக்கியத்தில் நீ சொல்ல வந்தது என்ன, பிள்ளை?" என்று தமிழிலேயே கேட்கிறோம்.