வசைச்சொல் களைதலும் மொழித்தூய்மையே!

எக் குழந்தையும் பகையோடு பிறப்பதில்லை. எவரை இகழலாம், எவரை ஒதுக்கலாம் என்பதை அது வீட்டுத் திண்ணையிலும் தெருவிலும் கேட்டுக் கற்கின்றது. கற்றதைப் பள்ளியில் பழகிப் பார்க்கின்றது. மேல்பட்டாம்பாக்கத்துத் தொடக்கப்பள்ளியாயினும், பல ஊர் மக்களும் வந்து குடியேறிய நெய்வேலி நகரியத்துப் பள்ளியாயினும் இதில் வேறுபாடில்லை. உடன்பயிலும் பிள்ளையின் கருநிறத்தை எள்ளுதல், திக்குவாயைப் போலப் பேசிக் காட்டுதல், கட்டிவந்த சோற்றைக் கண்டு மூக்கைப் பொத்துதல், ஒப்பந்தத் தொழிலாளி மகனை ஆட்டத்தில் சேர்க்காது விலக்குதல் ஆகிய இவற்றையெல்லாம் 'பிள்ளை விளையாட்டு' என்று பெரியோர் சிரித்து விடுகின்றனர். விளையாட்டாயின் இருவரும் மகிழ்தல் வேண்டும். ஒருவன் அழ ஒருவன் மகிழ்வது கொடுமையே அன்றி விளையாட்டாகாது.

அக் கொடுமை எங்குக் கொண்டுபோய் விடும் என்பதைக் கடலூர் மாவட்டத்தார்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1996-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், சிதம்பரத்தில் மருத்துவம் பயின்ற முதலாண்டு மாணவர் பொன். நாவரசு, மூத்த மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டார். அதன் விளைவாகவே தமிழ்நாட்டில் பகடிவதைத் தடைச்சட்டம் 1997-இல் வந்தது. கடலூர் வழக்குமன்றம் 1998-இல் விதித்த வாழ்நாள் ஒறுப்பை 2001-இல் உயர் வழக்குமன்றம் நீக்கியது. 2011-இல் உச்ச வழக்குமன்றம் அதனை மீண்டும் நிலைநிறுத்தியது. வழக்கு முடிந்தது, போன உயிர் மீளவில்லை. சட்டம் எப்பொழுதும் கண்ணீருக்குப் பின்னரே வருகின்றது. கண்ணீருக்கு முன்னே வரவேண்டியது கல்வி.

2023 ஆகத்துத் திங்களில் நெல்லை மாவட்டம் நாங்குநேரியில் நிகழ்ந்தது இதனினும் நெஞ்சை அறுப்பது. பட்டியல் குலத்தைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரை, அவர் பயின்ற பள்ளியின் மாணவர்களே இரவில் வீடு புகுந்து வெட்டினர்; தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். தமக்கு நேர்ந்த துன்பத்தை ஆசிரியரிடம் முறையிட்டதே அம் மாணவர் செய்த 'குற்றம்'! அவர் தேறியெழுந்து, 2024-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்வில் 600-க்கு 469 மதிப்பெண் பெற்றார். அவர்தம் உறுதி போற்றத்தக்கது. எனினும் அவ் வுறுதியைப் பாராட்டிவிட்டு நம் கடமையை மறத்தல் தகாது.

அந் நிகழ்ச்சிக்குப் பின் அரசு அமைத்த நடுவர் சந்துரு தனியாள் குழு, 2024 சூன் திங்களில் அறிக்கை அளித்தது. பள்ளிப் பெயர்களில் சாதியடையாளம் நீக்கப்படல் வேண்டும். சாதி காட்டும் வண்ணக் கயிறுகளைக் கையில் கட்டலாகாது. பெயரின் எழுத்து வரிசைப்படி மாணவரை அமர்த்தல் வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அறநெறிப் பாடவேளை வேண்டும் என்பன அதன் பரிந்துரைகளுட் சில. இவை வரவேற்கத்தக்கனவே. ஆனால், ஆறாம் வகுப்பில் தொடங்கும் அறநெறி காலந்தாழ்ந்ததாகும். பதினோரகவைப் பிள்ளை கயிற்றின் வண்ணப் பொருளை முன்னரே அறிந்துவிடுகின்றது. ஐந்தாம் அகவையில், அகரம் எழுதும் நாளிலேயே, அன்பும் எழுத்தாதல் வேண்டும்.

எவ்வாறு கற்பிப்பது? நார்வே நாட்டில் 1982-இல் சிறுவர் மூவர் உடன்பயில்வோர் கொடுமையால் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். 1983-இல் அந் நாட்டுப் பள்ளிகளெங்கும் தடுப்பு முயற்சி தொடங்கிற்று. பின்லாந்து நாட்டில் 'கீவா' என்னும் பயிற்சிமுறை, சூழ நின்று பார்க்கும் பிள்ளைகளையே முதன்மையாகக் கருதுகின்றது. எள்ளுபவன் பிறர் நகைப்பதற்காகவே எள்ளுகின்றான். நகைப்பார் இலராயின் அவன் நா அடங்கும். ஆகலின், நகையாதிருக்கவும், எள்ளப்பட்டவன் அருகிற் சென்று அமரவும், ஆசிரியரிடம் கூறவும் ஏனைய பிள்ளைகளைப் பழக்குதலே முதற் பாடம். முறையிட்ட பிள்ளையைக் காத்தல் ஆசிரியரின் முதற் கடமை. மாணவனைப் பட்டப்பெயரிட்டழைக்கும் ஆசிரியரோ அப் பாடத்தைத் தாமே அழிக்கின்றார். 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, உடலை ஒறுத்தலோடு உள்ளத்தைத் துன்புறுத்தலையும் தடைசெய்துள்ளமை கருதத்தக்கது.

திருக்குறளில் நட்பு முதல் கூடாநட்பு வரை ஐந்து அதிகாரங்கள் உள. அன்புடைமையும் இனியவை கூறலும் இன்னா செய்யாமையும் தனித்தனி அதிகாரங்கள். 1330 குறளையும் ஒப்பித்துப் பரிசு பெறும் பிள்ளை, மேடையினின்றிறங்கியதும் தோழனை இழித்துரைக்குமாயின், அது குறளைக் கற்றதாகாது.

தமிழன்பர்க்கும் ஒன்று கூறவேண்டும். பிள்ளைக்குத் தூய தமிழ்ப்பெயர் சூட்டிய பெற்றோர், அப் பெயரைப் பள்ளியில் பிறர் நகைப்பது கண்டு வருந்துகின்றனர். அவ் வருத்தம் நேரியதே. ஆனால், அதே பிள்ளை வேறொரு பிள்ளையைச் சாதி சொல்லி இழிக்குமாயின் நமக்கு அதே வருத்தம் எழுகின்றதா? 1916-இல் மறைமலையடிகள் தொடங்கிய இயக்கம் வேற்றுச்சொல்லை விலக்கக் கற்பித்தது. வேற்றுச்சொல் மொழியைக் கெடுக்கும். வசைச்சொல் மொழியையும் பேசுவோனையும் ஒருங்கே கெடுக்கும். வடசொல் நீங்கிய வாயில் சாதிச்சொல் தங்குமாயின், அத் தூய்மை அரைத் தூய்மையே.

ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் இன்று மாலையே தன் பிள்ளையிடம், 'இன்று என்ன மதிப்பெண்?' என்பதற்கு முன், 'இன்று எவனோடு சேர்ந்து உண்டாய்? எவன் தனித்திருந்தான்?' என்று கேட்கட்டும். அக் கேள்வி வீடுதோறும் எழுமாயின், நாளை மற்றொரு நாங்குநேரிக்கு இடமிராது. தமிழால் ஒன்றுபடுவோம் என்று முழங்குவோர், அவ் வொற்றுமையை முதல் வகுப்புப் பலகையிலிருந்தே தொடங்குக!