கணக்குப் புத்தகம் காதுக்கும் எட்ட வேண்டும்

பெறுநர்: மாவட்ட ஆட்சியர், நாமக்கல்.

பொருள்: கொல்லிமலையில் பயிலும் பார்வைத்திறன் குறையுடைய மாணவர்களுக்குக் கணிதப் பாடநூலை அணுகத்தக்க மின்வடிவில் வழங்கக் கோருதல்.

'ஆறு கூட்டல் நான்கு வகுத்தல் இரண்டு.' பின்னக் கோடு இரண்டு எண்களுக்கும் அடியில் ஓடினால் விடை 5. நான்குக்கு மட்டும் அடியில் இருந்தால் 8. அந்தக் கோடு கண்ணுக்குத்தான் தெரிகிறது. பிடிஎஃப் கோப்பைத் திரைவாசிப்பான் படிக்கும்போது கோடு தொலைகிறது. 'எக்ஸ் வர்க்கம்' வெறும் 'எக்ஸ் இரண்டு' ஆகிறது. படமாக ஒட்டிய சமன்பாட்டுக்குக் குரலே எழாது. பார்வையற்ற பிள்ளைக்குக் கணக்கு வராது என்ற பேச்சில் பாதி இங்கேதான் பிறக்கிறது என்று கொல்லிமலையின் பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்த சங்கம் கருதுகிறது.

வரும் என்பதற்குச் சான்று உண்டு. பார்வையற்ற கணிதப் பேராசிரியர் ஆபிரகாம் நெமத் உருவாக்கிய பிரெயில் கணிதக் குறியீடு 1952-இல் வெளிவந்தது, இந்தியாவிலும் புழங்குகிறது. புனேயில் பிறந்து 14 வயதில் பார்வையிழந்த டி.வி. ராமன், கணித நூல்களை அச்சுக்கு அமைக்கும் லேடெக் கோப்பிலுள்ள சமன்பாடுகளைப் பேச்சாக்கும் மென்பொருளைப் படைத்து, 1994-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். கோப்புக்குள் கணக்கின் அமைப்பு இருந்தால் கணினி பிசகாமல் படிக்கும். இன்று மேத்எம்எல் என்னும் கணிதக் குறிமொழி அந்த அமைப்பைச் சுமக்கிறது. இலவச என்விடிஏ திரைவாசிப்பான், உரிய துணைநிரலோடு அதைப் பேசும், பிரெயிலாகவும் தரும்.

சட்டமும் துணை நிற்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 17-ஆம் பிரிவில், வரையறுத்த அளவு குறைபாடுள்ள மாணவருக்கு 18 வயதுவரை நூல்களை இலவசமாகத் தரச் சொல்கிறது. பதிப்புரிமையும் தடையில்லை: 2012-இன் திருத்தம் வடிவமாற்றத்துக்கு வழிவிட்டது, பார்வையற்றோருக்கு நூல்கள் கிடைக்க வழிசெய்யும் மராகேஷ் உடன்படிக்கையை 2014-இல் உலகிலேயே முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியா.

சங்கம் கேட்பது இதுதான். பாடநூல் கழகத்தின் அச்சுக்கோப்பிலிருந்து, சமன்பாடுகள் மேத்எம்எல்லில் அமைந்த இபப் வடிவ மின்நூல்களை உருவாக்கப் பள்ளிக் கல்வித் துறைக்குப் பரிந்துரைக்க வேண்டும். வர்க்கமூலம், தொகுதி, பகுதி என்று வகுப்பறைத் தமிழிலேயே கணினி வாசிக்கச் சொற்பட்டியல் வேண்டும். வடிவியல் படங்களைச் சொல்லால் மட்டும் விளக்க முடியாது. விரலால் தடவி அறியும் புடைப்புப் படங்கள் தேவை. சிறப்பாசிரியர்களுக்கு இதில் பயிற்சியும் வேண்டும். எல்லா ஊரிலும் சிக்னல் கிடைக்காத மலை இது. இணையத்தில் ஏற்றிவிட்டால் போதாது. 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து அச்சுநூல் மேலே வருவதுபோல, இந்நூல்களும் பென்டிரைவில் மலைமேலுள்ள செம்மேட்டுக்கு வந்து சேர வேண்டும்.

அனைத்தும் ஒரே ஆண்டில் முடியாது என்பதைச் சங்கம் அறியும். வரும் கல்வியாண்டு தொடங்குமுன் பத்தாம் வகுப்புக் கணிதநூலேனும் மாணவர் கைக்கு வர ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறது.