காலநிலைக் கணக்கில் சேரி எங்கே?

2019-இல் தென் பசிபிக் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்த 27 மாணவர்கள் ஒரு கோரிக்கையைக் கையில் எடுத்தார்கள். கடல் ஏறி எங்கள் தீவுகளை விழுங்குகிறது, இதில் நாடுகளின் சட்டப் பொறுப்பு என்ன என்பதைச் சர்வதேச நீதிமன்றம் சொல்லட்டும் என்றார்கள். வனுவாட்டு அரசு அதை ஐ.நா. பொதுச்சபைக்குக் கொண்டுபோனது. 2025 ஜூலை 23 அன்று நீதிமன்றம் ஒருமனதாகக் கருத்துரை தந்தது: காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை, தவறும் நாடு இழப்பீடு தரவும் நேரிடலாம். இது நாடுகளைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பல்ல, கருத்துரைதான். ஆனாலும் மாணவர்கள் தொடங்கிவைத்த பெரிய வெற்றி. நாம் கொண்டாடுவோம்.

கூடவே ஒன்றைக் கேட்போம். இழப்பீடு நாட்டுக்கு வரும். நாட்டுக்கு வந்தது சேரிக்கு வருமா?

1992 ரியோ மாநாட்டிலிருந்து இந்தியா ஒரே நியாயத்தைப் பேசிவருகிறது. பொறுப்பு எல்லோருக்கும் உண்டு, ஆனால் ஒரே அளவில் அல்ல; அதிகம் புகைத்தவன் அதிகம் கொடுக்க வேண்டும். 2024-இல் பாகு மாநாட்டில் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்று பணக்கார நாடுகள் சொன்னபோது, போதாது என்று இந்தியா வெளிப்படையாக எதிர்த்தது. சரியான எதிர்ப்பு. ஆனால் அந்த நியாயம் தில்லி விமான நிலையத்தோடு நின்றுவிடுகிறது. ஏ.சி. அறையில் வாழ்பவரின் கார்பனும், வெயிலில் நாற்று நடும் தலித் பெண்ணின் கார்பனும் ஒன்றாகக் கூட்டப்பட்டு, தலைக்கு இவ்வளவுதான் என்று உலகத்திடம் காட்டப்படுகின்றன. நம் வறுமையை நிழலாக்கி அதில் ஒதுங்குகிறார்கள்.

2015 பாரிஸ் ஒப்பந்தத்தின் முகப்புரையைப் படித்துப் பாருங்கள். பழங்குடிகள், புலம்பெயர்ந்தோர், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், பெண்கள் என்று உரிமைக்குரியோரின் வரிசை இருக்கிறது. வேண்டிய வரிசைதான். அதில் சாதி என்ற சொல் இல்லை. 'பாதிக்கப்படக்கூடிய நிலையில் உள்ளோர்' என்ற பொதுச்சொல்லுக்குள் நம்மைத் தேடிக்கொள்ள வேண்டும்.

சொல் இல்லாவிட்டால் என்ன ஆகும்? 2004 சுனாமி காலநிலை மாற்றத்தால் வந்ததல்ல. ஆனால் உலகத்தின் பணம் நம் ஊருக்குள் எந்த வழியாகப் போகும் என்பதை அது காட்டியது. நாகப்பட்டினத்தில் தலித்துகள் நிவாரண முகாம்களிலிருந்து வெளியேற்றப்பட்டதையும், குடிநீர்த் தொட்டியில் தண்ணீர் எடுக்கத் தடுக்கப்பட்டதையும் மனித உரிமை அமைப்புகள் அப்போதே பதிவு செய்தன. பிணங்களை அகற்ற மட்டும் வெளியூர்களிலிருந்து நம் துப்புரவுத் தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டார்கள்.

2018 கஜா புயலில் டெல்டாவின் தென்னந்தோப்புகள் சாய்ந்தன. மரம் எண்ணி உரிமையாளருக்கு நிவாரணம் அறிவித்தார்கள். அந்த மரத்தில் ஏறியவருக்கும், தேங்காய் உரித்தவருக்கும்? புதுக்கன்று காய்க்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அத்தனை ஆண்டுக் கூலிக்கு எந்தப் படிவத்தில் இடம் இருந்தது? பட்டா இருந்தால் இழப்பு. பட்டா இல்லாதவருக்கு இழப்பே நடக்கவில்லை என்பதுதான் இங்கே கணக்கு. நிலத்தை நமக்குத் தராமல் வைத்திருந்த சாதி, புயலுக்குப் பிறகு நிவாரணத்தையும் தராமல் வைக்கிறது.

2022-இல் ஒப்புக்கொண்டு 2023 துபாய் மாநாட்டில் செயலுக்கு வந்த 'இழப்பு மற்றும் சேத நிதி'யும் இதே வாய்க்காலில்தான் ஓடப்போகிறது, நாம் மறிக்காவிட்டால்.

"சாதி உள்நாட்டு விஷயம், உலக மேடைக்கு ஏன்?" என்பார்கள். இனப்பாகுபாட்டுக்கு எதிரான 1965 ஐ.நா. உடன்படிக்கையில் 'வம்சாவளி' என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னதே இந்தியாதான். அது சாதியையும் குறிக்கும் என்று 2002-இல் அந்த உடன்படிக்கையின் குழு தெளிவாகச் சொன்னது. ஏற்க மறுப்பதும் இந்தியாதான். "சூழல் போராட்டத்தைச் சாதி சொல்லிப் பிரிக்காதீர்கள்" என்று சொல்லும் நண்பர்களுக்கும் ஒரு பதில்: ஊரையும் சேரியையும் பிரித்தது நாமல்ல.

நாம் கேட்பவை மூன்று. சேத நிதியைப் பெறும் ஒவ்வொரு நாடும் அது யாரைச் சென்றடைந்தது என்று சாதி, வம்சாவளி வாரியாகக் கணக்குக் காட்ட வேண்டும். நிலமற்றோர் இழந்த வேலைநாட்கள் இழப்பாகப் பதிவாக வேண்டும். நிவாரணப் பட்டியல் கிராமசபையில் வாசிக்கப்பட வேண்டும்.

மாணவத் தோழர்களே, சட்டம் ஒன்று ஏற்கெனவே கையில் இருக்கிறது. 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61-ஆம் பிரிவு, நிவாரணத்தில் சாதிப் பாகுபாடு கூடாது என்கிறது. உங்கள் மாவட்டத்தில் கடைசியாக வந்த வெள்ளத்தையோ புயலையோ எடுத்துக்கொள்ளுங்கள். நிவாரணம் பெற்றோரில் பட்டியலினத்தவர் எத்தனை பேர் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கணக்கு இல்லை என்று பதில் வந்தால் அதைப் பத்திரமாக வையுங்கள். அரசு நம்மை எண்ணவே இல்லை என்பதற்கு அரசே கையெழுத்திட்டுத் தந்த சான்று அது. அப்படி நூறு சான்றுகள் சேரட்டும், அடுத்த காலநிலை மாநாட்டின் மேசையில் நாம் வைப்போம்.

27 பேர் தொடங்கியதுதான் அது. நாம் அதைவிட அதிகம் பேர்.

ஜெய்பீம்.