எந்த இயர்போன் நல்லது? உங்கள் காதைக் கேளுங்கள்

"பேஸ் அதிருது" என்று ஒரு நண்பர் சொன்னால் போதும், உடனே அதே இயர்போனை நாமும் வாங்கிவிடுகிறோம். அதிர்வதாலேயே ஒன்று நல்ல இயர்போன் ஆகிவிடாது என்பது என் கருத்து.

முதலில் அது காதில் பொருந்துகிறதா பாருங்கள். பெட்டியில் பெரும்பாலும் மூன்று அளவில் சிலிக்கோன் முனைகள் இருக்கும். மூன்றையும் போட்டுப் பாருங்கள். இரண்டு காதுக்கும் வேறு வேறு அளவுகூடத் தேவைப்படலாம். இடைவெளி இருந்தால் முதலில் காணாமல் போவது பேஸ்தான். விலை உயர்ந்த இயர்போனும் தகர டப்பா போல ஒலிக்கும்.

பிறகு நன்றாகப் பழகிய இசையைக் கேளுங்கள். நான் மிருதங்கம் கேட்பேன். இடப்பக்கத் தொப்பியின் கனமும் வலப்பக்கத்தின் கணீர் ஓசையும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். தொப்பி எல்லாவற்றையும் மூடிவிட்டால் அது எனக்கு வேண்டாம். இரண்டை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக வையுங்கள். சற்று உரக்கக் கேட்பதுதான் நல்லது போலத் தோன்றும்.

ஒரு மணி நேரம் போட்டாலும் காது வலிக்கக் கூடாது. வயரில்லாத பலவற்றில் பேட்டரியை மாற்ற முடியாது. வயரைக் கழற்றி மாற்றக்கூடியதென்றால், வயர் அறுந்தாலும் இயர்போன் பிழைக்கும்.

நன்றாகப் பொருந்தினால் ரயில் இரைச்சலும் குறையும், சத்தத்தைக் கூட்டத் தோன்றாது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை 80 டெசிபல், வாரத்துக்கு 40 மணி நேரம். சிறுவர்களுக்கு 75. உங்கள் போனில் அந்த அளவைக் காட்டும் வசதி இருந்தால் இன்றே பாருங்கள்.